பொறிப்பாவையும் பூவையும்

எந்திரம் பேசும், ஏவியதைச் செய்யும். ஆனால், காதலிக்கத் தக்கதாகுமா? இவ்வினாவை 1886ஆம் ஆண்டிலேயே எழுப்பினார் வில்லியே தெ லீல்-அதாம். பிரெஞ்சுக் குறியீட்டு எழுத்தாளர்கள் போற்றிய அவரது புதினத்தின் பெயர் ‘வருங்கால ஏவாள்’.

எவால்ட் எனும் ஆங்கிலப் பிரபு, அலீசியா என்ற பாடகியின் பேரழகில் மயங்குகிறான். அவள் உள்ளமோ அற்பமானது என்று குமைந்து, சாகவும் துணிகிறான். அவனைக் காக்க முன்வருகிறார் எடிசன். ஆம், 1877இல் ஒலிப்பதிவுக் கருவியைப் படைத்த அதே எடிசன் இங்கே கதைமாந்தர்! அலீசியாவின் உருவும் குரலும் கொண்ட ஹாதலி எனும் செயற்கைப் பெண்ணை ஆக்குகிறார். அவளுக்கு மூச்சுப்பைகளாக அமைந்தவை இரண்டு பொன் ஒலிப்பதிவுக் கருவிகள். பெரும்புலவர்களும் தத்துவ அறிஞர்களும் ஆக்கிய சொற்களே அவள் பேச்சு.

எடிசனின் வாதம் கூரியது. எவால்ட் காதலிப்பது அலீசியாவை அன்று. தன் மனம் அவள்மீது போர்த்திய கற்பனையை. அக்கற்பனையைப் பொறிக்குப் போர்த்தினால் குறையென்ன? மாந்தர் பேச்சும் மனப்பாடந்தானே? எளிதில் தள்ளிவிட முடியாத கேள்விகள் இவை.

ஆனால் நாம் கேட்க விரும்புவது வேறு. அலீசியா செய்த குற்றம் என்ன? மணப்பதாகச் சொன்னவன் கைவிட்டான். மேடையேறிப் பிழைக்கத் துணிந்தாள். அதை ஒளிவுமறைவின்றிச் சொன்னாள். இதுவா அற்பம்? உழைத்துண்ண வேண்டிய தேவையே அறியாத பிரபுவின் செவிக்கு அது அற்பம்! அவளுக்குச் சிலை வடிப்பதாகப் பொய் சொல்லி உருவைப் படியெடுக்கிறார்கள். அவள் இசைவை எவரும் கேட்கவில்லை.

ஆசிரியர் இன்னோரிடத்திலும் சறுக்குகிறார். பொறிக்கு உள்ளம் உண்டாகுமா என்று கேட்டவர், விடை தேடாமல், அறிதுயிலில் கிடக்கும் ஒரு பெண்ணின் ஆவியை அதனுள் புகுத்திவிடுகிறார். அறிவியலின் கதவைத் தட்டியவர், ஆவியுலகின் கொல்லைப்புறமாக வெளியேறுகிறார்!

எனினும் முடிவு நம்மை உலுக்குகிறது. கடலில் கப்பல் தீப்பற்றுகிறது. ஹாதலி அழிகிறாள், அலீசியாவும் மடிகிறாள். எவால்ட் புலம்புவதோ பாவைக்காக மட்டுமே! உயிருள்ள பெண்ணுக்கு ஒரு துளிக் கண்ணீரில்லை. கனவு காண்போருக்கும் எள்ளி நகைப்போருக்கும் இந்நூலைப் படைத்த ஆசிரியர், இங்கே யாரை எள்ளுகிறார்? எண்ணிப் பாருங்கள்.

பொறிகள் பேசத் தொடங்கிவிட்ட இந்நாளில் இளைஞர்கள் இந்நூலைப் படிக்க வேண்டும். பொறி பெண்ணாகுமா என்று வியப்பதற்காக அன்று. சொன்னதையே சொல்லும் பொறியாகப் பெண்ணை விரும்பும் ஆணின் மனத்தை அடையாளங்காண்பதற்காக.