அறிகுறி இல்லையென்றால் காத்திரு?

நல்ல ஆவணம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களை மருத்துவர்கள் எப்படிப் பரிசோதிக்க வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதலைச் சொல்கிறேன். இருவிரல் சோதனை கூடாது என்றது. சம்மதம் கேட்காமல் தொடாதே என்றது. போலீஸ் கடிதம் இல்லாமல் வந்தாலும் சிகிச்சை கொடு என்றது. எல்லாம் சரி.

பால்வினைத் தொற்று பற்றிய இடத்தில்தான் எனக்கு இடறுகிறது. அறிகுறி தெரிந்தால் ஸ்வாப் எடுத்து மருந்தைத் தொடங்கு, தெரியாவிட்டால் லேப் ரிசல்ட் வரட்டும் என்கிறது. அறிகுறியா? கிளமிடியாவும் கொனோரியாவும் பெண்களில் பெரும்பாலும் அறிகுறியே காட்டாது. சத்தமில்லாமல் கருக்குழாய் வரை ஏறி, பின்னாளில் குழந்தையின்மையில் கொண்டுபோய் விடும். மறுநாளே எடுத்த ஸ்வாபில் புதுத்தொற்று சிக்காமலும் போகலாம், கிருமி பெருக நாள் வேண்டுமே. சிபிலிஸ் ரத்தத்தில் தெரிய வாரக்கணக்காகும். ஆக, முதல் நாள் 'நெகட்டிவ்' சீட்டு எந்த நிம்மதியும் தராது.

இதே ஆவணம் எச்.ஐ.வி. விஷயத்தில் காத்திருக்கச் சொல்வதில்லை. 72 மணி நேரத்துக்குள் வந்துவிட்டால் தடுப்பு மருந்து. ஒரு கிருமிக்கு ஒரு நியாயம், இன்னொன்றுக்கு வேறா? உலக சுகாதார நிறுவனம் 2013லேயே, அதாவது நம் ஆவணத்துக்கு ஒரு வருஷம் முன்பே, பரிசோதனைக்குக் காத்திராமல் மருந்தைக் கொடுத்துவிடுவதே மேல் என்று சொல்லியாயிற்று. அமெரிக்காவின் சி.டி.சி.யும் வயதுவந்த பெண்களுக்கு செஃப்ட்ரியாக்சோன் ஊசி ஒன்று, டாக்சிசைக்ளின், மெட்ரோனிடசோல் ஏழு ஏழு நாள் என்றுதான் பரிந்துரைக்கிறது. மூன்றும் நம்மூரில் கிடைக்காத மருந்தல்ல.

எங்கள் விருத்தாசலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். செராமிக் பட்டறையில் பொம்மைக்கு வண்ணம் பூசி நாள்கூலி வாங்கும் ஒரு பெண், வீட்டுக்குத் தெரியாமல் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதே பெரிய காரியம். ரிசல்ட் வாங்க இன்னொரு நாள் வா என்றால் அன்றைய கூலி போச்சு. 'எங்கே போயிட்டு வர்றே?' என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். வரவில்லையென்றால் மருந்தும் இல்லை.

சாட்சியத்துக்காகவாவது பரிசோதனை வேண்டாமா என்பார்கள். வயதுவந்தவர்களிடம் அதன் பலன் குறைவு. முதல் நாளே பாசிட்டிவ் வந்தால் அது பெரும்பாலும் பழைய தொற்று. எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டு அவள் நடத்தையைப் பேசுவார். முந்தைய பாலுறவு வரலாறு பொருட்டல்ல என்று 2013இல் சாட்சியச் சட்டத்தில் 53ஏ பிரிவே சேர்த்தார்கள். அப்புறம் எதற்கு அந்தச் சீட்டை நாமே எழுதிக் கொடுக்க வேண்டும்?

இந்த 72 மணி நேரக் கணக்கை வைத்து வாச்சாத்தியை நினைத்துப் பாருங்கள். 1992 ஜூன் 20, அரூர் பக்கம், 18 பெண்கள். வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போனது 1995இல். தண்டனை 2011இல் வந்தது, அதை உயர் நீதிமன்றம் 2023இல் உறுதி செய்தது. இடையில் அந்தப் பெண்களுக்குச் சிறைதான் கிடைத்தது. அங்கே ஸ்வாப் எடுத்திருந்தால் என்ன நிரூபித்திருக்கும் என்பதல்ல என் கேள்வி. மருந்தை யார் கொடுத்தார்கள்?

குழந்தைகள் விஷயம் வேறு. பருவமடையாத குழந்தைக்குப் பிறவித்தொற்று இல்லாமல் கொனோரியா இருந்தால் அது கிட்டத்தட்ட நேரடிச் சாட்சி. ஆன்டிபயாட்டிக் கொடுத்துவிட்டால் அந்தச் சாட்சி கரைந்துபோகும். அதனால் முதலில் ஸ்வாப், பிறகு மருந்து. சி.டி.சி.யும் குழந்தைகளுக்கு வழக்கமாக முன்கூட்டியே மருந்து கொடுக்கச் சொல்வதில்லை. 'காத்திரு' என்பது பொருந்துகிற இடம் இதுதான். நம் ஆவணத்தின் அந்த வரியோ வயதே பார்க்காமல் எல்லாருக்கும் ஒன்றாக நிற்கிறது.

திருத்த வேண்டியது அதிகமில்லை. வயதுவந்தவர்களுக்கு, கர்ப்பமும் ஒவ்வாமையும் கேட்டறிந்து, முதல் வருகையிலேயே மருந்தைக் கையில் கொடுத்து அனுப்பு என்று மாற்றினால் போதும். ஹெபடைடிஸ்-பி தடுப்பூசியின் முதல் தவணையும் அன்றைக்கே.