எது இயற்கை?

நோர்வே நாட்டறிஞர் ஹரால்ட் லோவும் அவர்தம் தோழர்களும் 1986இல் வெளியிட்ட ஆய்வுரையொன்று பல் வைத்தியம் பயில்வோரிடையே உலகப் புகழ் பெற்றது. எமது மலையகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் 480 பேரை 1970இல் தெரிந்தெடுத்து, 1985 வரை அவர்களின் ஈறுகளை அளந்து எழுதியது அது. ஈறுநோய் நூற்றுக்கு 8 பேரை விரைந்து அரிக்கிறது; 81 பேரை மிதமாக; 11 பேரிடம் முற்றுவதே இல்லை. இந்த அறிவின் பெறுமதியை நாம் மறுக்கவில்லை.

நாம் இடறி நிற்பது அதன் தலைப்பிலேதான். ஈறுநோயின் 'இயற்கை வரலாறு' என்கிறார்கள். பல் வைத்தியத்தையே அறியாத வாழ்வு இயற்கையா? 1948இல் இம்மக்களின் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டமும் தோட்ட முறையும் சேர்ந்து விளைத்த புறக்கணிப்பன்றோ அது! அப்புறக்கணிப்பே ஆய்வின் மூலப்பொருள். வைத்தியம் வந்திருந்தால் ஆய்வு கலைந்திருக்கும். அமெரிக்காவின் டஸ்கீகியில் கறுப்பின நோயாளருக்கு 1972 வரை சிகிச்சையை மறுத்த கொடுமையோடு இதை ஒன்றாக்குதல் நியாயமன்று. இங்கு அளக்கப்பட்டது ஏற்கெனவே இருந்த இல்லாமை. ஆயினும், அளந்தவர்கள் அதற்கு இயற்கை என்று பெயரிட்டார்கள்.

ஆராய்ச்சித் திட்டங்களைச் சுயாதீனக் குழுவொன்று பரிசீலிக்க வேண்டும் என்று ஹெல்சிங்கிப் பிரகடனம் 1975இல் திருத்தப்பட்டது. இன்று பல்கலைக்கழகங்களில் நெறிமுறைக் குழுக்கள் உண்டு, சம்மதப் படிவங்களும் உண்டு. துரை அனுமதித்த பின்னர் பிரட்டுக்களத்திலே நீட்டப்படும் படிவத்திற்குத் தொழிலாளி 'மாட்டேன்' என்று எப்படிச் சொல்வான்?

2010இல் ஆய்வாளர் மீண்டும் வந்தனர். அந்த 480 பேரில் 75 பேரைப் பரிசோதித்து, இழந்த பற்களை எண்ணினர்.