இது நம்ம வீட்ல எப்ப இருந்துச்சு?

போன மே மாத விடுமுறைக்குத் தங்கச்சி தன் மகனோடு சென்னையில் என் வீட்டுக்கு வந்திருந்தாள். அவனுக்கு நான்கு வயது. செருப்பைக் கழற்றிய பத்தாவது நிமிடத்தில் என் மேசைக்கு மேலே இருக்கும் அலமாரியைக் கண்டுபிடித்துவிட்டான். அங்கே அட்டையும் பிளாஸ்டிக் உறையும் பிரிக்கப்படாமல் ஒரு ஜி.ஐ. ஜோ நிற்கிறான். மூன்றே முக்கால் அங்குல உயரம். கையில் துப்பாக்கி. ஃபன்ஸ்கூல் இந்தியாவில் தயாரித்த பழைய பொம்மை. இணையத்தில் ஒருவரிடம் வாங்கினேன். என்ன விலை என்று இந்தக் கட்டுரையில் எழுதப் போவதில்லை, என் அம்மா இதைப் படிக்க வாய்ப்பிருக்கிறது.

"அது மாமாவோடது, தொடக் கூடாது" என்றேன். அழுதான். அவனைத் தூக்கிக்கொண்ட தங்கச்சி, "அதுல என்னண்ணே இருக்கு, குடுத்தா என்ன?" என்று கேட்டாள். "அது நம்ம சின்ன வயசு ஞாபகம்டி" என்றேன். அவள் அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே யோசித்துத்தான் கேட்டாள்:

"இது நம்ம வீட்ல எப்பண்ணே இருந்துச்சு?"

என்னிடம் பதில் இல்லை. இருந்ததே இல்லை. எட்டு வயதில் திருச்சியில் ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். அந்தக் கார்ட்டூனைக்கூட நான் பார்த்ததில்லை. பிறகு எதை நினைத்து அதை வாங்கினேன்?

*

யோசித்துப் பார்த்தால், நெட்ஃபிளிக்ஸில் வந்த 'தி டாய்ஸ் தட் மேட் அஸ்' என்ற ஆவணத் தொடரில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. 2017 டிசம்பரில் முதல் நான்கு பகுதிகள் வந்தன. ஸ்டார் வார்ஸ், பார்பி, ஹீ-மேன், ஜி.ஐ. ஜோ என ஒவ்வொரு பொம்மை வரிசைக்கும் ஒரு பகுதி. இரவு வேலை முடித்து உட்கார்ந்து ஒரே மூச்சில் பார்த்தேன்.

நல்ல தொடர்தான், அதில் சந்தேகமில்லை. வடிவமைத்தவர்களையும் விற்றவர்களையும் எதிரே உட்காரவைத்து, யார் முதலில் யோசித்தது என்ற பழைய சண்டைகளைக்கூட மறைக்காமல் பேசவைக்கிறது. முக்கியமாக ஒரு மயக்கத்தை உடைக்கிறது. கார்ட்டூன் முதலில் வந்தது, அதைப் பார்த்து ஆசைப்பட்ட குழந்தைகளுக்காகப் பொம்மை வந்தது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஹீ-மேன் விஷயத்தில் நடந்தது தலைகீழ். மாட்டல் நிறுவனம் பொம்மையை 1982இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஃபில்மேஷனின் கார்ட்டூன் 1983இல்தான் வந்தது. 1984இல் குழந்தைகள் நிகழ்ச்சிகளின் விளம்பர நேரத்துக்கு இருந்த வரம்புகளை அமெரிக்க அரசு நீக்கியபோது இந்த வழி அகலமாகத் திறந்துகொண்டது. அரை மணி நேரக் கதை என்று நாம் வாய்பிளந்து பார்த்தது, அரை மணி நேர விளம்பரம்.

என் பிரச்சினை தலைப்பில் இருக்கும் 'அஸ்' என்ற கடைசிச் சொல்லோடு. நம்மை உருவாக்கிய பொம்மைகளாம். இந்த 'நாம்' யார்? தொடரில் பேசுகிறவர்கள் இரண்டு வகை: பொம்மையைச் செய்து விற்றவர்கள், அதை வாங்கி இப்போது அறை நிறைய அடுக்கி வைத்திருப்பவர்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் பொம்மையை வைத்து ஒரு குழந்தை என்னதான் விளையாடியது என்ற கேள்விக்குத் தொடர் வரவே இல்லை. விற்பனை எண்ணிக்கை சொல்லப்படுகிறது, விளையாட்டு சொல்லப்படவில்லை. வாங்காத குழந்தைக்கு இந்த வரலாற்றில் இடமே கிடையாது.

ஆனால் தொடர் அப்படிச் சொல்வதில்லை. அதன் இசையும் வண்ணமும் பழைய விளம்பரத் துண்டுகளும், "உனக்கும் இது இருந்தது, ஞாபகம் இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கின்றன. நான்காவது பகுதி முடியும்போது, எனக்கும் இருந்ததாக நம்ப ஆரம்பித்திருந்தேன்.

*

அந்த நான்காவது பகுதியின் நாயகனான ஜி.ஐ. ஜோ 1964இல் பிறந்தவன். அன்று அவன் 12 அங்குல உயரம். ஆண் குழந்தைக்கு 'டால்' வாங்கித் தர அமெரிக்க அப்பாக்கள் தயங்குவார்கள் என்பதால், ஹாஸ்ப்ரோ நிறுவனம் அந்தச் சொல்லையே தவிர்த்துவிட்டு 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்ற பெயரைக் கொண்டுவந்தது. பெண் பிள்ளைக்கு டால், ஆண் பிள்ளைக்கு ஆக்‌ஷன் ஃபிகர். பொருள் ஒன்றுதான், வெட்கத்தை மறைக்க ஒரு புதுச் சொல். 1982இல் மூன்றே முக்கால் அங்குலத்துக்குச் சுருங்கி மறுபடியும் வந்தான். எம்.ஆர்.எஃப். நிறுவனமும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து 1987இல் தொடங்கிய ஃபன்ஸ்கூல், அவனை இங்கேயே வார்த்தது. இந்தியப் பதிப்புகளில் சட்டையின் நிறம் அமெரிக்காவில் வந்ததிலிருந்து மாறியிருக்கும். அதனாலேயே வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இவற்றைத் தேடி வாங்குகிறார்கள்.

தமிழில் நமக்கு இந்தச் சிக்கலே இருந்ததில்லை. எல்லாம் பொம்மைதான். தஞ்சாவூர்த் தலையாட்டியும் பொம்மை, திருவிழாக் கடையில் விற்கும் கிளியும் பொம்மை, துப்பாக்கி வைத்திருப்பவனும் பொம்மை. ஆனால் பொம்மையிலேயே நாம் ஒன்றைப் பிரித்து வைத்திருக்கிறோம்: கொலு பொம்மை. படியில் ஏற்றுவது, பார்ப்பது, துணியில் சுற்றி மறுபடி பெட்டியில் வைப்பது. குழந்தைகள் தொடக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளைத் திட்டவும் அதே சொல்தான்.

பெட்டி பிரிக்காத ஆக்‌ஷன் ஃபிகர் என்பது என்ன? ஆக்‌ஷன் இல்லாத ஆக்‌ஷன் ஃபிகர், கொலு பொம்மை. கொலுவிலாவது பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சுண்டல் கொடுப்பார்கள். என் அலமாரியில் அதுவும் இல்லை.

*

எங்கள் வீட்டில் நிஜமாக இருந்தது என்ன என்று பார்ப்போம்.

அப்பாவுக்குப் பெரம்பலூர், அம்மாவுக்கு அரியலூர்ப் பக்கம். நான் ஏழாம் வகுப்பு, தங்கச்சி நான்காம் வகுப்பு. சுட்டி டிவி தொடங்கிய 2007ஆம் ஆண்டை ஒட்டிய காலம். அதில் 'ஜாக்கி சான் அட்வென்ச்சர்ஸ்' தமிழில் வந்தது. அமெரிக்காவில் 2000 முதல் 2005 வரை ஓடி முடித்திருந்த தொடர். எங்களுக்கு அது நேற்றுப் பிறந்தது. அதன் முதல் பருவத்தில் 12 மந்திரக் கற்கள் வரும், 12 விலங்குகள் பொறித்தவை. முயல் கல்லை வைத்திருந்தால் வேகம், சேவல் கல்லில் பறக்கலாம், பாம்பில் மறைந்துபோகலாம், எருதில் பலம், குதிரையில் காயம் ஆறும், நாயில் சாவு கிடையாது. எலிக் கல் உயிரில்லாத பொருளுக்கு உயிர் கொடுக்கும். ஆட்டுக் கல் வைத்திருந்தால் உயிர் உடம்பைவிட்டுத் தனியாகப் போய்ச் சுற்றிவிட்டு வரும்.

இந்தத் தொடருக்கான பொம்மை எதுவும் எங்கள் ஊர்க் கடைகளில் வரவில்லை. கற்களை நாங்களே செய்தோம்.

கல்லுக்கு அரியலூரில் பஞ்சமில்லை. சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிய மாமா, பிள்ளைகள் கேட்டோம் என்று கைக்கு அடக்கமான தட்டைக் கற்களாகப் பார்த்து எடுத்து வருவார். சிலவற்றில் நத்தை மாதிரிச் சுருள் இருக்கும். நத்தைக் கல் என்போம். தங்கச்சி அவற்றில் பெயிண்டால் விலங்குகளை வரைவாள். எனக்கு வரைய வராது. நான் திட்டமிடும் அதிகாரி: எந்தக் கல்லுக்கு என்ன சக்தி, யாரிடம் எத்தனை நாள் இருக்கும், சண்டையில் தோற்றால் எதை ஒப்படைக்க வேண்டும் என்பதையெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தேன். ஆயா வீட்டுத் திண்ணையில் ஆட்டுக் கல்லை நெஞ்சில் வைத்துக்கொண்டு உயிர் வெளியே போகிறதா என்று ஒரு மதியம் முழுக்கக் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். தூங்கிப்போனேன். உயிர் போய்விட்டு வந்ததாகத்தான் மற்றவர்களிடம் சொன்னேன்.

அந்த நத்தைக் கற்கள் என்னவென்று கல்லூரி முடித்த பிறகுதான் தெரிந்தது. பெரம்பலூர், அரியலூர்ப் பகுதி கிரெட்டேசியஸ் காலத்தில் கடலுக்கு அடியில் இருந்தது. அம்மோனைட் என்ற அழிந்துபோன கடலுயிரிகளின் படிமங்கள் காரை போன்ற இடங்களில் கிடைக்கின்றன. 1860களில் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா இவற்றை வகைப்படுத்தி எழுதிய நூல்களை இன்றும் ஆய்வாளர்கள் புரட்டுகிறார்கள். பள்ளியில் இருந்து எங்களைச் சாத்தனூர் கல்மரத்துக்கு ஒருமுறை கூட்டிப்போனார்கள். 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த, 18 மீட்டருக்கும் நீளமான மரப் படிமம். நாங்கள் அதன்முன் வரிசையாக நின்றுவிட்டுப் புளிசாதம் சாப்பிட்டோம். வீட்டில் பெயிண்டு பூசி வைத்திருந்த கற்களும் அந்த மரத்தின் காலத்துக்குக் கிட்டத்தில் வரக்கூடியவை என்று யாருக்கும் தோன்றவில்லை. பல கோடி வருடத்துப் பிராணி ஒன்றின் மேல் பன்றி வரைந்து விளையாடியிருக்கிறோம்.

*

ரோலான் பார்த் 1957இல் வெளியிட்ட 'மித்தாலஜீஸ்' நூலில் பொம்மைகள் பற்றி ஒரு சிறு கட்டுரை உண்டு. பெரியவர்களின் உலகத்தைச் சுருக்கிக் கையில் கொடுக்கும் பொம்மைகள் குழந்தையைப் பயனாளியாக, உரிமையாளராகப் பழக்குகின்றனவே தவிரப் படைப்பவராக ஆக்குவதில்லை என்கிறார். மரக் கட்டைகளை மட்டும் கொடுத்தால் குழந்தை எதையாவது உண்டாக்கும் என்பது அவர் வாதம். பிளாஸ்டிக்கின் மேல் அவருக்குத் தனிக் கோபம்.

இதைப் படித்ததும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அடடே, நாம்தான் பார்த் சொன்ன படைப்பாளிக் குழந்தைகள், காசில்லாததே எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று.

இங்கேதான் நிறுத்திக்கொள்ள வேண்டும். இதுவும் ஒரு நாஸ்டால்ஜியா வியாபாரம்தான், இல்லாமையைப் பாலிஷ் போட்டு விற்பது. உண்மை என்னவென்றால், எங்களுக்குக் கல் வேண்டாம், பொம்மைதான் வேண்டும். என் வகுப்பில் ஒருவனிடம் பென் 10 கடிகாரம் இருந்தது. சிறுவாச்சூர்க் கோயில் கடையில் வாங்கியது, அசல்கூடக் கிடையாது. அழுத்தினால் பச்சை விளக்கு எரியும். ஐந்து நிமிடம் கட்டிக்கொள்ள அவனுக்குக் கணக்கு வீட்டுப்பாடம் எழுதித் தந்திருக்கிறேன். அந்த ஐந்து நிமிடத்துக்கு எங்கள் 12 கல்லையும் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். பார்த்துக்கு இது தெரியாது. படைப்பதன் சந்தோஷமும் வைத்திருக்கும் ஆசையும் ஒரே குழந்தையின் மனசில் சண்டை போடாமல் இருக்கும். ஆசை நிறைவேறாததால்தான் கல்லில் வரைந்தோம், வரைந்த பிறகு கல்லும் பிடித்துப்போயிற்று. அவ்வளவுதான்.

அதனால் 'நைன்டீஸ் கிட்ஸ்' பதிவுகளைப் பார்க்கும்போது எனக்கு இப்போது ஒரு சங்கடம். நினைவு என்ற பெயரில் அங்கே இருப்பது பிராண்டுகளின் பட்டியல். இன்னின்னது உனக்குத் தெரியும் என்றால் நீ நம்மாள். கல்லுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை, ஏனென்றால் ஒவ்வொரு தெருவிலும் அது வேறு வேறாக இருந்தது. எல்லோருக்கும் பொதுவாக இருந்தது விளம்பரம் மட்டும்தான். ஆகவே பொது நினைவாக மிஞ்சுவதும் அதுவே. நம் சொந்த ஞாபகம் யாருக்கும் புரியாது என்று தயங்கி, எல்லோருக்கும் புரிகிற ஒன்றை விலை கொடுத்து வாங்கி அலமாரியில் வைக்கிறோம். நான் செய்தது அதைத்தான்.

1999இல் வந்த 'டாய் ஸ்டோரி 2' இந்த இடத்தில் ஆவணத் தொடரைவிட நேர்மையானது. உட்டி என்ற பொம்மையைத் திருடும் சேகரிப்பாளன் அதை டோக்கியோவில் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு விற்கப் பார்க்கிறான். பழுதுபார்க்க ஒரு கிழவர் வருகிறார். கிழிந்த கையைத் தைக்கிறார், கன்னத்தில் நிறம் தீட்டுகிறார், கடைசியாக பூட்ஸின் அடியில் சிறுவன் ஆண்டி கோணல்மாணலாக எழுதிய தன் பெயரை பெயிண்டடித்து மறைக்கிறார். பொம்மை புதுசாகிவிட்டது. யாருடையது என்பது மட்டும் போய்விட்டது. பின்னால் உட்டி அந்த பெயிண்டைத் தானே சுரண்டி எடுப்பான். பெட்டி பிரிக்கப்படாமலே காலம் தள்ளிய இன்னொரு பொம்மையும் அந்தப் படத்தில் உண்டு. வில்லன் அவன்தான்.

என் ஜி.ஐ. ஜோவின் பூட்ஸைத் திருப்பிப் பார்க்க முடியாது, உறைக்குள் இருக்கிறது. திருப்பினாலும் அங்கே யார் பெயரும் இருக்காது.

*

கற்கள் இப்போது எங்கே என்று தங்கச்சியிடம் கேட்டேன். வீட்டில் பின்கட்டு எடுத்துக் கட்டியபோது பேஸ்மட்டம் நிரப்ப உடைகல்லோடு சேர்த்துக் கொட்டிவிட்டார்களாம். அவள் அன்று அழுதிருக்கிறாள். நான் அப்போது கல்லூரி விடுதியில். எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் இத்தனை வருடத்தில் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அந்தப் பின்கட்டில்தான் அம்மா இப்போது துணி காயப்போடுகிறாள்.

"பன்னண்டும் ஞாபகம் இருக்கா உனக்கு?" என்றேன்.

விரல்விட்டு எண்ணினாள். எலி, எருது, புலி, முயல் என்று வந்து ஆட்டில் நின்றாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

"ஆடு எனக்கு வரையவே வரலண்ணே. நீ திட்டுவேன்னு நாயையே இன்னொரு தடவ வரைஞ்சு, கொம்பு மாதிரி ரெண்டு கோடு இழுத்து ஆடுன்னு குடுத்துட்டேன். நீ அத நெஞ்சுல வச்சுக்கிட்டுப் படுத்துக் கெடந்த."