யார் போட்ட கோப்பி? வேலை தேடும் நாள்களும் நம் கதைகளும்

சுங்கைப் பட்டாணியில் எங்கள் தாமானுக்குக் காலை ஒன்பதரைக்கு ரொட்டிக்காரர் வருவார். மோட்டாரின் பின்னால் ஒரு பெட்டி, அதைச் சுற்றித் தொங்கும் பலகாரப் பாக்கெட்டுகள், நாய்களை எழுப்பிவிடும் ஹாரன். எட்டு மாதமாக அந்தச் சத்தத்துக்குத்தான் எழுந்துகொண்டிருக்கிறேன். கோலாலம்பூரில் படிப்பு முடிந்து, வாடகை அறையைக் காலி செய்து, இரண்டு பெட்டியோடு அப்பா அம்மா வீட்டுக்கே திரும்பி வந்தவள் நான். எழுந்து வரும்போது அப்பா லோரியை எடுத்துக்கொண்டு எப்போதோ போயிருப்பார். மேசையில் கோப்பி மூடி வைத்திருக்கும். "பசியாறிட்டு அப்புறம் லெப்டாப்ப தொற" என்று பின்கட்டிலிருந்து அம்மாவின் குரல் வரும்.

சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை: இந்த எட்டு மாதத்தில் நான் சந்தோஷமாக இருந்த நேரங்கள் நிறைய. நான்கு விண்ணப்பங்களை அனுப்பிவிட்டு மதியத்தில் நாவல் வாசிப்பது, மழை இறங்குவதற்கு முன் கொடியில் கிடக்கும் துணிகளை ஓடி ஓடி எடுப்பது, பசார் மாலாமில் சூடான அப்பம் பாலேக் வாங்கி வீட்டுக்கு வருவதற்குள் பாதியைத் தின்றுவிடுவது. இரவில் மாண்டரின் கேட்கும் விளம்பரங்களையும், இரண்டு வருட அனுபவம் கேட்கும் 'புதிய பட்டதாரி' விளம்பரங்களையும் பார்த்து வயிற்றைக் கலக்குவதும் உண்டுதான். மறுநாள் கோப்பி வாசத்தில் அது கொஞ்சம் அடங்கிவிடும்.

போன மாதம் அத்தை வந்திருந்தார். "மவ இப்ப என்ன பண்றா?" என்று கேட்டார். "வீட்லதான் இருக்கா. எனக்கு ஒத்தாசையா இருக்கு" என்றார் அம்மா. அதில் குறை எதுவும் இல்லை, பாசம்தான் இருந்தது. ஆனால் நான்கு வருடத்துக்கு முன் என் அண்ணன் இதே வீட்டில் இதே சோபாவில் வேலையில்லாமல் கிடந்தபோது இதே கேள்விக்கு அம்மா சொன்ன பதில் எனக்கு நினைவிருக்கிறது: "வேலை தேடிக்கிட்டு இருக்கான்."

அவன் தேடிக்கொண்டிருந்தான். நான் வீட்டில் இருக்கிறேன். இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே வேலையில்லாதவர்களைப் பற்றிய சில படங்களையும் ஒரு கதையையும் திரும்பப் பார்த்தேன், படித்தேன். நேரம்தான் இருக்கிறதே.

முதலில் எல்லாருக்கும் நினைவு வருவது 2014இல் வேல்ராஜ் இயக்கத்தில் வந்த 'வேலையில்லா பட்டதாரி'. என் வயதுக்காரர்கள் பலருக்கு அது ஒரு படம் மட்டுமில்லை, பட்டப்பெயரும்கூட. இன்றைக்கும் யாராவது வேலையில்லாமல் இருந்தால் 'விஐபி' என்கிறோம். அந்தப் படத்தை மாஸ் படம் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் அதன் முதல் பாதியில் தமிழ் சினிமா அதிகம் செய்யாத ஒன்று இருக்கிறது. வேலையில்லாதவனின் பகல் பொழுதை அது வீட்டுக்குள் வைத்தே காட்டுகிறது. அப்பா பேசும்போது நெளிவது, ஐடி வேலையில் இருக்கும் தம்பி முன்னால் சின்னவனாகிப்போவது, பழைய மொபட்டில் ஊர் சுற்றுவது, அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவே அம்மா சமாதானம் பேசுவது. ரகுவரனுக்குப் பசி இல்லை. அவன் தட்டில் சோறு விழுந்துகொண்டுதான் இருக்கிறது. அந்தச் சோற்றை எந்த முகத்தோடு சாப்பிடுவது என்பதுதான் அவன் சிக்கல்.

இது எவ்வளவு பெரிய நகர்வு என்பது 1980இல் வந்த கே. பாலசந்தரின் 'வறுமையின் நிறம் சிவப்பு' படத்தைப் பக்கத்தில் வைத்தால் தெரியும். அங்கே ரங்கன் அப்பாவோடு முரண்பட்டு வீட்டை விட்டு வெளியே வந்தவன். டெல்லியில் நண்பர்களோடு ஓர் அறை, அறை முழுக்கப் பட்டினி. காலிப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு சாப்பிடுவதுபோல் நடிக்கும் காட்சியை ஒரு தடவை பார்த்தவர்களால் மறக்க முடியாது. அந்தப் படத்துக்கு வேலையின்மை என்றால் பசி. பசிக்கும் மானத்துக்கும் நடக்கும் சண்டைதான் கதை. நாயகனை வீட்டிலிருந்து பிரித்த பிறகுதான் அந்தச் சண்டையை அவ்வளவு உச்சத்துக்குக் கொண்டுபோக முடிகிறது. வீட்டில் அம்மா இருந்தால் காலிப் பாத்திரம் எங்கிருந்து வரும்?

34 வருடம் கழித்து வந்த 'வேலையில்லா பட்டதாரி' பட்டதாரியை வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டது. ஆனால் கூட்டி வந்த படத்துக்கு அவனை அந்த வீட்டில் என்ன செய்வது என்று தெரியவில்லை. கதை பாதி வழியை நெருங்கும்போது அம்மா மாரடைப்பில் இறந்துபோகிறார். அவருடைய நுரையீரல் ஓர் இளம்பெண்ணுக்குப் பொருத்தப்படுகிறது. அந்தப் பெண்ணின் அப்பா நடத்தும் கட்டுமான நிறுவனத்தில் ரகுவரனுக்கு வேலை கிடைக்கிறது. அதற்குப் பிறகு குடிசை மாற்றுத் திட்டம், பணக்கார வில்லன், சண்டை, வெற்றி. நல்ல வேகம், நல்ல பாட்டு. ஆனால் திரைக்கதையைக் கணக்காக எழுதிப் பார்த்தால் ஒரு வரவும் ஒரு செலவும் தெரியும். வரவு மகனுக்கு வேலை. செலவு அம்மா.

இந்தப் படத்தை அம்மாவோடுதான் திரும்பப் பார்த்தேன். அம்மா சாகும் காட்சியில் நான் வழக்கம்போல் அழுதேன். அம்மா அழவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே, "அந்தப் பொம்பளைய எதுக்குச் சாவடிச்சானுங்க? மவனுக்கு வேல கெடச்சப்புறம் ஒரு நாளாச்சும் நிம்மதியா உக்காந்து டீ குடிச்சிருப்பா இல்ல?" என்றார். இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை இந்தப் படத்துக்கு நான் எங்கும் வாசித்ததில்லை. அந்த ஒரு டீயைப் படம் ஏன் அவருக்குக் கொடுக்கவில்லை? முதல் பாதியின் இன்பங்களை எல்லாம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தவர் அவர். வேலை கிடைத்த மகனுக்கு வீடு தேவையில்லை என்று ஆனதும் கதைக்கு அவரும் தேவையில்லாமல் போகிறார். உயிரோடு இருந்திருந்தால் மகன் அவருக்கு என்ன செய்தான் என்று படம் காட்ட வேண்டியிருக்கும். செத்துப்போனால் பாட்டு ஒன்று போதும்.

இது தமிழ் சினிமாவின் நோய் மட்டும்தானா என்று பார்க்க இன்னும் பின்னால் போனேன். ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு 1929இல் எடுத்த மௌனப் படம் ஒன்று, 'பட்டம் வாங்கியாச்சு, ஆனால்...' என்று அதன் தலைப்பைச் சொல்லலாம். முழுப் படம் இப்போது இல்லை, ஏறக்குறைய பத்து நிமிடம்தான் மிஞ்சியிருக்கிறது. படித்த ஓர் இளைஞன். வரவேற்பாளர் வேலை கிடைக்கிறது, தன் படிப்புக்கு அது கேவலம் என்று மறுத்துவிடுகிறான். வேலை கிடைத்துவிட்டது என்று நம்பி ஊரிலிருந்து அவன் அம்மா, நிச்சயம் செய்த பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறார். பாவம், தினமும் காலையில் வேலைக்குப் போவதுபோல் கிளம்பிப் போய் வெளியே பொழுதைக் கழித்துவிட்டு வருகிறான். அம்மா ஊருக்குத் திரும்பிய பிறகு உண்மையைச் சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. ஒரு வார இதழின் அட்டையை எடுத்துக் காட்டுகிறான். 'சண்டே மைனிச்சி' என்பது அந்த இதழின் பெயர். மைனிச்சி என்றால் தினமும். எனக்குத் தினமும் ஞாயிற்றுக்கிழமைதான்!

இந்த நகைச்சுவையைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தேன். ஏறக்குறைய நூறு வருடம் கழித்து சுங்கைப் பட்டாணியில் எனக்கும் அதே கிழமைதான். ஆனால் அடுத்து நடப்பதைப் பாருங்கள். அந்தப் பெண் கோபப்படுவதில்லை, அழுதுகொண்டும் இருப்பதில்லை. மதுக்கடை ஒன்றில் பரிமாறும் வேலைக்குப் போகிறாள். அவனுக்கு தினமும் ஞாயிறாக இருப்பதால் அவளுக்கு வாரம் முழுக்கத் திங்களாகிறது. அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அவன் வெட்கப்பட்டு, மறுத்த அதே வரவேற்பாளர் வேலையைக் கேட்டுப் போகிறான். ஓசுவின் முடிவிலும் சமாதானம் உண்டு. நிறுவனம் அவனைச் சோதித்துத்தான் பார்த்தது என்று நல்ல வேலையையே கொடுத்துவிடுகிறது. ஆனாலும் ஒரு வேறுபாடு முக்கியமானது. அவனுடைய ஞாயிற்றுக்கிழமைக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதை அந்தப் படம் அவன் கண்ணால் பார்க்க வைக்கிறது. பார்த்த பிறகு அவன் மாறுகிறான். ரகுவரன் இழந்த பிறகு அழுகிறான். இரண்டும் ஒன்றில்லை.

சரி, இதெல்லாம் மகன்கள் கதை. மகள்?

அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' தொகுப்பு 1988இல் வந்தது. தலைப்புக் கதையில் வேலை தேடும் யாரும் இல்லை. ராஜஸ்தானில் ஒரு பெரிய கூட்டுக்குடும்பம், அந்த வீட்டின் ஏதோ ஒரு மூலையில் இருட்டாக ஒரு சமையலறை. வெளியே மலை இருக்கிறது. ஆனால் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் காயும் துணிகள் மறைக்கின்றன. தெற்கிலிருந்து வந்த மருமகள் மீனாட்சி சமையலறைக்கு வெளியே இடத்தைப் பெரிதாக்கலாமே என்று யோசனை சொல்கிறாள். விளைவு, மேலும் துணிக்கொடிகள். கல்லூரியில் இதை முதலில் வாசித்தபோது 'கூட்டுக்குடும்பக் கதை' என்று நினைத்துக் கடந்தேன். இப்போது மழைக்கு முன் ஓடிப் போய்த் துணி எடுக்கும்போதெல்லாம் அந்தக் கதை வந்து நிற்கிறது. நான் மேலே 'சிறு இன்பம்' என்று எழுதியிருக்கிறேனே, அதே கொடி. எனக்கு விளையாட்டாக இருப்பது அம்மாவுக்கு முப்பது வருடமாக வேலை.

ஒத்தாசை என்ற சொல்லை இப்போது கொஞ்சம் பயத்தோடுதான் பார்க்கிறேன். முதல் மாதம் தட்டு கழுவினேன். மூன்றாம் மாதம் மதியச் சமையல் என் பொறுப்பானது. யாரும் சொல்லவில்லை, தானாக நடந்தது. ஒரு நேர்முகத் தேர்வு இணையத்தில் நடந்த அன்று அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். உங்கள் பலம் என்ன என்று அவர்கள் கேட்டபோது குழம்பு பொங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. அண்ணன் வேலை தேடியபோது வீடே மெதுவாக நடந்தது. அவன் ஃபோனில் பேசினால் அம்மா மிக்சியைப் போட மாட்டார். அம்மாமீது குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. மகன் தேடுவான், மகள் இருப்பாள் என்பதை அவருக்கும் யாரோ பழக்கித்தான் விட்டிருக்கிறார்கள்.

அரசாங்கத்தின் கணக்கும் இதற்கு உதவவில்லை. மலேசியாவின் தொழிலாளர் கணக்கெடுப்பில் குறிப்பிட்ட ஒரு வாரத்தில் சம்பளத்துக்கோ லாபத்துக்கோ 1 மணி நேரம் வேலை செய்திருந்தாலே ஒருவர் வேலையில் இருப்பவர். பக்கத்து வீட்டுப் பையனுக்குச் சனிக்கிழமைகளில் ஒரு மணி நேரம் கணக்குச் சொல்லிக் கொடுத்து 15 வெள்ளி வாங்குகிறேன். ஆக, கணக்குப்படி நான் வேலையில் இருப்பவள்! விடியற்காலை எழுந்து இரவு படுக்கும்வரை ஓயாத அம்மாவோ 'இல்லத்தரசி' என்பதால் தொழிலாளர் பட்டியலுக்கே வெளியே. இந்த ஒரு மணி நேரத்துக்கும் அந்த முழு நாளுக்கும் நடுவே ஒரு சிறுகதை இருக்கிறது. நான் வாசித்தவரை மலேசியத் தமிழில் அதை இன்னும் யாரும் எழுதவில்லை. தோட்டத்தில் வேலை செய்தவர்களைப் பற்றி நமக்கு நல்ல கதைகள் உண்டு, தோட்டம் துண்டாடப்பட்டு வேலை இழந்தவர்களைப் பற்றியும் உண்டு. தாமான் வீட்டில் வைஃபையோடு உட்கார்ந்து வேலை தேடும் பேத்தியைத்தான் காணோம்.

நானே முயன்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் மாதத்தில் ஒரு கதை எழுதினேன். மழை, மைலோ, வாசிக்கும் நாவல், ரொட்டிக்காரர், வராத மின்னஞ்சல். நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். "அழகா இருக்கு. ஆனா அந்த மைலோவ யாரு கலக்கினா?" என்று பதில் வந்தது. கோபம் வந்தது. திறந்து பார்த்தேன். கதை முழுக்க அம்மா ஒரே ஒரு இடத்தில் வருகிறார், அதுவும் குரலாக மட்டும். இந்தக் கட்டுரையின் முதல் பத்தியைப் பாருங்கள். இங்கேயும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது இன்பங்களை வெட்டிவிட்டுக் குற்றவுணர்ச்சியை எழுதுங்கள் என்று அல்ல. அது பழைய பாட்டு, கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. வேலையில்லாத நாளிலும் மனுஷிக்கு மதியத் தூக்கம் சுகமாக வரும், அப்பம் பாலேக் இனிக்கும். அதை மறைத்தால் அதுவும் பொய். ஆனால் இன்பத்தைச் செய்து கொடுப்பவரையும் அதே வெளிச்சத்தில் வையுங்கள். அவரைத் தெய்வமாக்க வேண்டாம், கதையைத் திருப்புவதற்காகக் கொல்லவும் வேண்டாம். வெங்காயம் உரித்துக்கொண்டே படத்தை விமர்சிக்கும் ஒரு பெண்ணாக உட்கார வைத்தால் போதும்.

என் கதையைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். புதிய வடிவத்தில் காலையில் முதலில் எழுவது மகள் இல்லை. அப்பா லோரியைக் கிளப்பும் முன் அடுப்பங்கரை விளக்கு எரிகிறது, அங்கிருந்துதான் தொடங்குகிறேன். நாலரை மணிக்கு அம்மா எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியாது. எட்டு மாதம் இதே வீட்டில் இருந்தும் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. நாளைக்கு அலாரம் வைத்திருக்கிறேன்.