எதிர்க்கட்சி இல்லாத கவிமேடை

ராப் பாட்டுக்குக் காவிரிப் படுகையில் மூதாதை யார் என்று கேட்டால், ஊரில் விவரம் தெரிந்தவர்கள் இலாவணியைக் காட்டுவார்கள். காட்டுவதில் நியாயம் இருக்கிறது. தஞ்சை மராத்தியர் காலத்தில் இங்கே வேர்விட்ட இந்தக் கலை, மாசி மாதக் காமன் பண்டிகையோடு ஒட்டிக்கொண்டது. சிவனின் நெற்றிக்கண் பட்டு மன்மதன் எரிந்தானா இல்லையா என்பதுதான் வழக்கு. எரிந்தான் என்பது எரிந்த கட்சி. இல்லை என்பது எரியாத கட்சி. டேப்பும் துந்தினாவும் ஒலிக்க ஒரு கட்சி பாட்டிலேயே கேள்வி போடும். மறு கட்சி பாட்டிலேயே பதில் சொல்லியாக வேண்டும். காமனை எரித்த தலமென்று வழங்கும் திருக்குறுக்கை மயிலாடுதுறைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. திருமலைராயன்பட்டினத்தில் காளமேகப் புலவர் உயிரைப் பணயம் வைத்துப் பாடும் யமகண்டம் ஏறி, கேட்ட கேள்விக்கெல்லாம் உடனுக்குடன் பாட்டுச் சொன்னதாக வழங்கும் கதையும் இந்தப் படுகைக்குரியதே.

இந்தப் பெருமையெல்லாம் சரி. இன்று கும்பகோணத்தில் கவிதை சொல்லத் தொடங்கும் பதினேழு வயதுப் பிள்ளைக்கு நாம் தரும் மேடை எப்படிப்பட்டது? அவர் நாளை ஹிப்ஹாப் கலைஞராக நினைத்தால் அந்த மேடை அவருக்கு எதைக் கொடுக்கிறது, எதைக் கெடுக்கிறது?

முதலில் கொடுப்பதைப் பார்ப்போம். பள்ளி இலக்கிய மன்றத்திலும் கல்லூரிக் கவியரங்கத்திலும் நின்று பழகியவருக்கு மூச்சு வசப்படுகிறது. எங்கே நிறுத்தினால் கூட்டம் காதைத் தீட்டும், எந்த வரியை இரண்டாம் முறை சொன்னால் கைதட்டல் விழும் என்பது மேடையில் நின்றால்தான் பிடிபடும். தாளைப் பார்க்காமல் நூறு வரி சொல்லும் நினைவாற்றலும் அங்கே வருகிறது. யாப்பின் லாபம் தனி. ஆங்கில ராப் பெரும்பாலும் அடியின் கடைசியில் ஓசையைப் பொருத்துகிறது. தமிழ்க் கவிதை பழகியவர் கையில் அடித்தொடக்கத்து எதுகை, சீருக்குச் சீர் மோனை, கடைசியில் இயைபு என்று மூன்று கருவிகள் இருக்கின்றன. அருணகிரிநாதரின் சந்தத்தைச் சுவாமிமலையில் கேட்டு வளர்ந்த காதுக்கு, தாளத்துக்குள் சொல்லை நெருக்கி அடுக்குவது புதுப் பாடமாக இருக்காது.

கவிதையிலிருந்து ராப்புக்கு வந்தவர்களில் நம்மிடையே பெரிய பெயர் அரக்கோணத்துக்காரரான அறிவு. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு முதன்முறையாக மேடையேறியது. பா. இரஞ்சித்தின் முயற்சியில் உருவான அந்தக் குழுவின் குரல்களில் ஒன்றாக அறிவு வெளிப்பட்டார். 2019இல் ‘தெருக்குரல்’ தொகுப்பு வந்தது. 2021 மார்ச்சில் வெளிவந்த ‘என்ஜாய் எஞ்சாமி’ பாட்டின் அடியில், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய அவருடைய பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வு இருக்கிறது. ஒப்பாரியும் கானாவும் ராப்பும் அவரிடம் ஒன்றாகக் கலக்கின்றன. அவர் வரிகள் யாரையோ நோக்கி நேராகப் பேசுகின்றன. எதிரே ஒருவர் நின்று மறுப்பதாகவே அவை அமைந்திருக்கின்றன. இந்தக் குணத்துக்கு நம் கவிமேடையில் இடமில்லை.

இனி, கெடுப்பது. தமிழ் வளர்ச்சித் துறை மாவட்டந்தோறும் நடத்தும் போட்டிகளில் முதல் பரிசு 10,000 ரூபாய், அடுத்தவை 7,000, 5,000. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கவிதைப் போட்டியில் பிள்ளை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார். பேச்சுப் போட்டியில் பேசுகிறார், அங்கே கவிதை இல்லை. கவிதையைக் குரலில் சொல்ல மிஞ்சுவது கவியரங்கம். அங்கே தலைப்பு தலைவர் கொடுத்தது, முதல் பத்து வரி தலைவர் வாழ்த்து, முடிவு எழுச்சி முழக்கம். தாய், தமிழ், உழவன் என்று எவரும் மறுக்க முடியாத பொருள்களே திரும்பத் திரும்ப வருகின்றன. மறுக்க ஆளில்லாத இடத்தில் ஆதாரம் தேவைப்படாது. குறுவைக்குத் தண்ணீர் கடைமடை வரை வந்ததா என்று விசாரிக்காமலே உழவனைப் பற்றி உருகிவிடலாம்.

மதிப்பெண் இந்தக் குறையைத் தீர்க்குமா? அமெரிக்காவின் சிகாகோவில் 1980களில் மார்க் ஸ்மித் தொடங்கிய ஸ்லாம் என்ற கவிதைப் போட்டியில் மூன்று நிமிடக் கெடுவும், கூட்டத்திலிருந்து பொறுக்கிய ஐந்து நடுவர்களும் உண்டு. அதன் பலவீனமும் தெரிந்ததே: சொந்தத் துயரத்தை உரக்கச் சொன்னவருக்கு மதிப்பெண் ஏறுகிறது, அடுத்தவர் அதைவிடப் பெரிய துயரத்தைத் தேடுகிறார். அதே ஊரில் சான்ஸ் த ராப்பர், நோநேம் போன்ற ராப் கலைஞர்களை வளர்த்ததில், நகர மைய நூலகத்தில் 2009இல் திறந்த யூமீடியா என்ற இளைஞர் கூடத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே ஒலிவாங்கி இருந்தது, ஒலிப்பதிவு செய்ய வசதி இருந்தது, வாரந்தோறும் அதே முகங்கள் வந்தன. போன வாரம் சொன்னதையே இந்த வாரமும் சொன்னால் அந்த முகங்களுக்குத் தெரிந்துவிடும். கோப்பையால் வராத கண்டிப்பு இதனால் வரும்.

மேடை கற்றுத் தராத இன்னொன்று தொழில். ‘என்ஜாய் எஞ்சாமி’யில் யாருக்கு என்ன பங்கு, யாருக்கு எவ்வளவு பெயர் என்ற சர்ச்சை 2021லும் 2022லும் பொதுவெளியில் வெடித்தது. யார் பக்கம் நியாயம் என்பது இங்கே கேள்வியில்லை. வரி எழுதுகிறவருக்கு உரிமம், ராயல்டி, ஒப்பந்தம் பற்றி இருபது வயதுக்குள் யாராவது சொல்லித்தர வேண்டும் என்பதுதான் பாடம். கவியரங்கில் பொன்னாடை போர்த்தி அனுப்புகிறோம். கையெழுத்துப் போடுமுன் எதைப் படிக்க வேண்டுமென்று சொல்வதில்லை.

இலாவணியை அப்படியே மீட்டால் போதும் என்றும் சொல்லமாட்டேன். அதன் வழக்கு புராணத்துக்குள் அடங்கியது. இன்றைய பிள்ளைக்கு அந்தப் பொருள் போதாது. எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் அமைப்பு: இரண்டு கட்சி, கேள்விக்குப் பதில், பதிலுக்கு மறுகேள்வி. பொருள் மணல் கொள்ளையாகட்டும், சாதியாகட்டும், வெளியூருக்கு வேலைக்குப் போவதாகட்டும். 1854இல் பிறந்த கும்பகோணம் அரசுக் கல்லூரிக்கும், ஊரின் பழைய நூலகங்களுக்கும் இதற்கு ஓர் அறை ஒதுக்குவது பெரிய செலவில்லை. தலைவர் நாற்காலியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதிர்க்கட்சியை உட்கார வைத்தால், கும்பகோணத்துப் பிள்ளைக்குக் குரலோடு பொறுப்பும் வரும். ஹிப்ஹாப்புக்கு இரண்டும் வேண்டும்.