சோனகர் யார்? இரு நூல்களும் ஒரு பெயரும்

இலங்கை முஸ்லிம்களைப் பற்றித் தமிழகத்து முஸ்லிம் குடும்பங்களில் அடிக்கடி எழுகின்ற வினா ஒன்று உண்டு. அவர்கள் பேசுவது தமிழ். பிள்ளையைத் தாலாட்டுவதும் தமிழில். அவ்வாறிருக்கத் தம்மைத் தமிழர் என்று அவர்கள் ஏன் சொல்லிக்கொள்வதில்லை? கேட்போர் குறைகூறும் நோக்கில் கேட்பதில்லை. ஆயினும் கேட்கப்படுவோருக்கு இது புண்ணைத் தொடும் வினா. அதற்கான காரணத்தை அறிய வேண்டுவோர் இரண்டு எழுத்துகளைப் படித்தல் வேண்டும்.

முதலாவது, சர் பொன்னம்பலம் இராமநாதன் 1888 ஆம் ஆண்டு அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் படித்த, இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றிய கட்டுரை. மற்றையது, அதனை மறுத்து ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907 இல் வெளியிட்ட நூல். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு சமுதாயத்தின் பெயர் பற்றிய இவ்விரண்டும் எழுதப்பட்டது ஆங்கிலத்தில் என்பதை வாசகர்கள் முதலிலேயே மனத்திற் கொள்வது நலம். யாரை நோக்கி இவை எழுதப்பட்டன என்பது அதனாலேயே விளங்கும்.

இராமநாதன் மொழி, வரலாறு, வழக்கங்கள், உடற்கூறு ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, சோனகர் இனத்தால் தமிழர், சமயத்தால் மட்டுமே முஸ்லிம்கள் என்று முடிவு கட்டினார். அவரது கல்வியைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. கிழக்கிலங்கையிலே தாய்வழியாகக் குடி எண்ணும் முறை முஸ்லிம்களிடத்தும் தமிழரிடத்தும் ஒருங்கே காணப்படுகின்றது. இதனை யார் மறுக்க இயலும்? எனினும் கட்டுரை பிறந்த காலத்தையும் நோக்குதல் வேண்டும். அவர் அப்போது சட்டநிரூபண சபையில் தமிழரின் பிரதிநிதி. முஸ்லிம்களுக்கென்று தனி ஆசனம் வழங்கப்பட்டது 1889 இல். அதற்கு முந்திய ஆண்டில், இவர்கள் தனி இனத்தார் அல்லர் என்று ஒருவர் நிறுவ முற்பட்டால், அதனை வெறும் ஆராய்ச்சி என்று கொள்ள முஸ்லிம்களால் இயலவில்லை.

கட்டுரையின் உண்மையான குறை வேறொன்று. ‘தமிழர்’ என்ற ஒரே சொல் அதில் இரு பொருளில் வருகின்றது. தமிழ் பேசுவோர் யாவரும் தமிழர் என்பது ஒரு பொருள். சபையில் ஆசனமும், குடிசனக் கணக்கில் தனிக்கட்டமும் உடைய ஒரு வகுப்பார் என்பது மற்றொன்று. முதற்பொருளுக்குச் சான்று காட்டி இரண்டாவதை நிலைநாட்டுகின்றார் ஆசிரியர். நாகூரிலும் காயல்பட்டினத்திலும் ஒருவர் ‘நான் தமிழன்’ என்னும்போது முதற்பொருளே நிற்கின்றது. அதனாலே அவருக்கு இழப்பொன்றும் இல்லை. கொழும்பிலோ அச்சொல்லை ஏற்றுக்கொண்டால் தமக்குரிய ஆசனமே போய்விடும். தமிழகத்து வினாவுக்கு விடை பெரும்பாலும் இங்கேயே கிடைத்துவிடுகின்றது.

இனி அப்துல் அஸீஸின் நூல். 1900 இல் தோன்றிய சோனகர் சங்கத்தின் முன்னணியில் நின்றவர் அவர். தம் மக்களின் மூதாதையர் அரபு நாட்டிலிருந்து வந்தோர் என்றும், மொழியைக் கொண்டு இனத்தைத் துணிதல் ஆகாது என்றும் வாதிட்டார். இரண்டாவது வாதம் வலிமையானது. ஆனால் முதலாவதை எடுத்த அக்கணமே, இரத்தமே பெயரைத் தீர்மானிக்கும் என்ற எதிரியின் அளவுகோலை அவரும் கைக்கொண்டுவிட்டார். அன்றியும், தமிழை வணிகத்தின் பொருட்டு ஏற்றுக்கொண்ட மொழி என்ற அளவில் நிறுத்துவது எவ்வாறு பொருந்தும்? கடைக்கு வேண்டிய மொழியில் ஒரு சமுதாயம் முனாஜாத்தும் கிஸ்ஸாவும் பாடுமா? வாணிபத்துக்கே செல்லாத பெண்கள் அரபுத்தமிழ் ஏடுகளை ஓதியது எந்த வணிகத்திற்காக? மட்டக்களப்பு வயல்களில் கவி பாடிய உழவன் எந்தக் கப்பலுக்குச் சரக்கு ஏற்றினான்? இவ்வினாக்களுக்கு அந்நூலில் இடமில்லாமற் போனது பெருங்குறையே.

‘சோனகர்’ என்ற பெயரும் சிக்கலற்றது அன்று. ஆங்கிலத்தில் வழங்கும் ‘மூர்’ என்பது, வட ஆபிரிக்க முஸ்லிம்களுக்குத் தாம் இட்டிருந்த பெயரைப் போர்த்துக்கேயர் இங்கும் கொணர்ந்து ஒட்டியது. சோனகர் என்பது யவனர் என்பதன் திரிபென்பர். அதுவும் அயலார் என்ற குறிப்பை விட்டு நீங்கவில்லை. மேலும், அப்பெயரால் அழைத்தால் மலாய் முஸ்லிம்கள் வெளியே நிற்க நேரும். பின்னாளில் சர் ராசிக் பரீத் சோனகர் என்ற பெயருக்கே வாதாட, மலாயரான டி.பி. ஜாயா முஸ்லிம் என்ற பெயரின் பக்கம் நின்றதில் வியப்பில்லை. அறிஞர் சித்தி லெப்பை 1882 இலேயே தம் தமிழ் ஏட்டுக்கு ‘முஸ்லிம் நேசன்’ என்று பெயரிட்டார். யாருடைய பட்டத்தையும் ஆசனத்தையும் எண்ணாமல் தம் மக்களைத் தமிழில் விளித்த பெயர் அது. என் எண்ணத்தில் இவ்வழக்கின் மிகத் தெளிவான குரல் அதுவே.

1915 கலவரத்தில் முஸ்லிம்கள் தாக்குண்டபோது இராமநாதன் சிங்களத் தலைவர்களுக்காக வாதாடியதும், அதனை நூலாகவே வெளியிட்டதும் பழைய ஐயத்தைப் பகையாக்கின. பின்னர் தமிழரசுக் கட்சியார் ‘தமிழ் பேசும் மக்கள்’ என்ற தொடரை முன்வைத்து முஸ்லிம்களையும் அதனுள் அழைத்தனர். சொல் நல்ல சொல்தான். ஆனால் 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை வெளியேற்றியபோது, வெளியேறுக என்ற ஆணையும் தமிழிலேயே வந்தது. அதன்பின் அத்தொடரை அம்மக்களிடம் எடுத்துச் செல்வது எளிதாக இல்லை.

பாணந்துறையில் பிறந்த பேராசிரியர் ம.மு. உவைஸ், முஸ்லிம்கள் தமிழுக்கு ஆற்றிய தொண்டை 1953 இல் நூலாக்கினார். பின்னர் மதுரைக்கு வந்து இஸ்லாமியத் தமிழிலக்கியத்துக்குப் பேராசிரியராக அமர்ந்தார். தமிழைத் தம் உடைமையாகக் கொள்ள அவர் தம்மைத் தமிழர் என்று எழுதவேண்டியிருக்கவில்லை. அப்துல் அஸீஸின் நூலோ 1957 இல் கொழும்பிலே மீண்டும் அச்சேறியது. சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறி அப்போது ஓராண்டு ஆகியிருந்தது. மறுபதிப்பும் ஆங்கிலத்திலேயே வந்தது.