கனத்த அண்டர்லிவர் ஏர் ரைபிள்: எடையும் வலுவும்

அண்டர்லிவர் என்பது ஸ்பிரிங் ஏர் ரைபிளில் ஒரு வகை. குழலுக்கு அடியில், அதோடு ஒட்டினாற்போல் ஒரு நெம்புகோல் படுத்திருக்கும். அதைக் கீழே இறக்கிப் பின்னோக்கி இழுத்தால் சிலிண்டருக்குள் உள்ள பிஸ்டன் பின்னுக்குப் போய், ஸ்பிரிங் அழுந்தி, ட்ரிக்கரின் கொக்கியில் மாட்டிக்கொள்ளும். ட்ரிக்கரை அழுத்தியதும் ஸ்பிரிங் பிஸ்டனை முன்னே தள்ளும். பிஸ்டன் காற்றை நெருக்கும். நெருக்குண்ட காற்று ஈயப் பெல்லட்டைக் குழல் வழியே விரட்டும். இந்தியக் கடைகளில் அதிகம் கிடைக்கும் டயானா 35 மாதிரித் துப்பாக்கிகளும் இதே முறையில்தான் சுடுகின்றன. ஆனால் அவற்றில் தனி நெம்புகோல் கிடையாது. குழலையே மடக்கி இழுக்க வேண்டும்; இந்த வகைக்கு பிரேக் பேரல் என்று பெயர். அண்டர்லிவரில் குழல் அசையாது.

இந்த அமைப்பு புதிதல்ல. பர்மிங்காமைச் சேர்ந்த லிங்கன் ஜெஃப்ரீஸ் 1904-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய வடிவத்தை பி.எஸ்.ஏ. நிறுவனம் உற்பத்தி செய்தது. இன்று இவ்வகையில் பேர்பெற்றவை ஜெர்மனியின் வைராக் எச்.டபிள்யூ. 77, அதன் தம்பியான எச்.டபிள்யூ. 97, இங்கிலாந்தின் ஏர் ஆர்ம்ஸ் டி.எக்ஸ். 200, ராஷ்டாட் நகரில் பிறந்த டயானா நிறுவனத்தின் 460 மேக்னம் ஆகியவை. எதுவும் இலேசானதல்ல. எச்.டபிள்யூ. 77 ஏறக்குறைய 4 கிலோ. டி.எக்ஸ். 200 அதற்கும் சற்று மேல். 460 மேக்னம் 3.8 கிலோ எடையும் 1.14 மீட்டர் நீளமும் கொண்டது. ஸ்கோப்பும் அதன் வளையங்களும் சேர்ந்தால் எதுவும் நாலரைக் கிலோவை ஒட்டியோ அதற்கு மேலோ வந்துவிடும்.

வாங்க நினைப்பவர் முன் இரண்டு குணங்கள் ஒரே பொட்டலமாக வைக்கப்படுகின்றன: கனம், வலு. கனமானது, ஆகவே உறுதியானது. வலுவானது, ஆகவே தூரம் சுடும் என்பது விற்பனைப் பேச்சு. துப்பாக்கிக்குள் நடப்பதைப் பார்த்தால் இந்த இரண்டும் கூட்டாளிகள் அல்ல. கனம் தருவதை வலு தின்றுவிடுகிறது. வாங்கலாமா என்ற கேள்விக்கு விடை காண இவ்விரண்டையும் தனித்தனியாக நிறுக்க வேண்டும்.

அசையாத குழலைப் பற்றி முதலில் சொல்லிவிடலாம். பிரேக் பேரலில் ஒவ்வொரு முறையும் குழல் கீலில் மடங்கி மீண்டும் பழைய இடத்துக்கு வந்து அமர வேண்டும். கீல் தளர்ந்தால் அது மயிரிழை தள்ளி அமரும், குறி பிசகும். அண்டர்லிவரில் அந்தக் கவலை இல்லை. ஆனால் இந்தச் சிறப்பு பேசப்படும் அளவுக்குப் பெரியதல்ல. நன்றாகச் செய்த பிரேக் பேரல் ஆயிரக்கணக்கான முறை மடங்கியும் அதே இடத்தில் வந்து அமரும். வைராக்கின் பிரேக் பேரலான எச்.டபிள்யூ. 80-ஐ வைத்துக்கொண்டு குறி தவறுகிறவர்கள் குழலைக் குறை சொல்வதற்கு முன் தங்கள் கைப்பிடியைச் சோதிப்பது நல்லது.

கனத்தின் பலன் அப்படிப்பட்டதல்ல. அது கணக்கில் தெரிவது. ஸ்பிரிங் ரைபிளின் உதைப்பு வெடிமருந்துத் துப்பாக்கியின் உதைப்பைப் போன்றதன்று. பிஸ்டன் முன்னே பாயும்போது ரைபிள் பின்னுக்கு வரும். பிஸ்டன் காற்றுமெத்தையில் மோதி நிற்கும்போது ரைபிள் முன்னுக்கு இழுபடும். இந்த முன்பின் ஆட்டத்தில் பெரும்பகுதி, பெல்லட் குழலை விட்டு வெளியேறுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. பிஸ்டனும் ஸ்பிரிங்கின் நகரும் பகுதியும் சேர்ந்து 300 கிராம், பிஸ்டனின் ஓட்டம் 80 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ரைபிளின் மொத்த எடை 3 கிலோ என்றால் அது 8 மில்லிமீட்டர் பின்னுக்கு நகரும். 4 கிலோ என்றால் 6 மில்லிமீட்டர். பெல்லட் இன்னும் குழலுக்குள் இருக்கையில் குழல் எவ்வளவு குறைவாக நகர்கிறதோ அவ்வளவுக்குப் பிடியின் பிழை அடங்கும். கூடுதலாகச் சுமக்கும் ஒரு கிலோவுக்கு இது நியாயமான கூலி.

இப்போது வலுவைக் கூட்டிப் பார்க்கலாம். அதிக ஆற்றல் வேண்டுமென்றால் பிஸ்டன் பெரிதாக வேண்டும், அல்லது அதன் ஓட்டம் நீள வேண்டும், பெரும்பாலும் இரண்டும். நகரும் எடை 400 கிராம், ஓட்டம் 110 மில்லிமீட்டர் என்று ஆனால், அதே 4 கிலோ ரைபிள் 11 மில்லிமீட்டர் பின்னுக்கு வரும். 3 கிலோ எடையுள்ள சாதாரண ரைபிளின் ஆட்டத்தைவிட இது அதிகம். அதாவது, வலுவின் பொருட்டுக் கனத்த ரைபிளை வாங்கியவர் கனத்தின் பலனை முழுவதும் இழந்து, சுமையை மட்டும் கைக்கொள்கிறார். வலுவான ஸ்பிரிங் ரைபிளை இறுகப் பிடிக்காமல், தளர்ந்த உள்ளங்கையில் கிடத்தி, அதன் போக்கில் ஆடவிட்டுச் சுட வேண்டியிருப்பது இதனால்தான். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே தளர்வோடு பிடிக்கப் பழக மாதங்கள் ஆகும். பழகாதவர் கையில் விலை உயர்ந்த 460-ம் திருவிழாக் கடையில் பலூன் சுடும் துப்பாக்கியும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் சிதறும்.

வலுவுக்கு இன்னொரு விலை தோளிலும் முழங்கையிலும் வசூலாகிறது. ஸ்பிரிங்கில் சேமித்த ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் பெல்லட்டுக்குப் போய்ச் சேரும். மற்றது வெப்பமாகவும் அதிர்வாகவும் கழியும். பெல்லட்டுக்கு 16 ஜூல் வேண்டுமென்றால் கை 48 ஜூலைக் கொடுக்க வேண்டும். 30 ஜூல் வேண்டுமென்றால் 90. நெம்புகோலின் நுனி முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான வளைவில் நகர்கிறது என்று கொண்டால், 90 ஜூல் என்பது ஒவ்வொரு முறையும் சராசரி 13, 14 கிலோ விசையோடு இழுப்பது. உச்சத்தில் இது இன்னும் கூடும். பத்து முறை இழுப்பது ஒரு பொருட்டல்ல. ஐம்பதாவது முறை மூச்சு வாங்கும். மூச்சு வாங்கும் மார்பின் மேல் ஸ்கோப்பின் குறுக்கிழை நிலைக்காது. குறி பழக ஒரு நாளைக்கு நூறு பெல்லட்டாவது சுட வேண்டும் என்பதை நினைத்தால், வலு குறைந்த ரைபிள் வைத்திருப்பவருக்கே பயிற்சி அதிகம் கிடைக்கும்.

பதிலுக்குக் கிடைப்பது என்ன? விளம்பரங்களில் நொடிக்கு 1,200 அடி என்பது போன்ற எண்கள் கொட்டை எழுத்தில் வரும். அந்த வேகம் மிக இலேசான பெல்லட்டோடு கிடைப்பது. நொடிக்கு 1,200 அடி என்றால் 366 மீட்டர். ஒலியின் வேகமான 340 மீட்டரைத் தாண்டியது. இடுப்புச் சிறுத்த ஏர்கன் பெல்லட் அந்த வேகத்துக்காக வடிக்கப்பட்டதல்ல. ஒலி வேகத்தை ஒட்டிப் போகும்போது அது தள்ளாடும்; சாட்டை சொடுக்கியதுபோல் ஒரு சத்தமும் கேட்கும். இலேசான பெல்லட் காற்றுக்குப் போதிய தடை தராததால் பிஸ்டனும் மெத்தையின்றிச் சிலிண்டர் முனையில் அறையும். உண்மையில் பயன்படும் 0.55 கிராம் பெல்லட்டை எடுத்துக்கொண்டால், 16 ஜூலில் அதன் வேகம் நொடிக்குச் சுமார் 240 மீட்டர், 20 ஜூலில் 270 மீட்டர். 30 மீட்டர் தூரத்தில் இந்த இரண்டு வேகங்களுக்கும் இடையே பெல்லட் கீழிறங்கும் அளவில் உள்ள வேறுபாடு தோராயமாக ஒன்றரை சென்டிமீட்டர். ஸ்கோப்பைச் சரிசெய்தால் அதுவும் மறைந்துவிடும்.

கூடுதல் வலு தேவையில்லை என்பதற்கு மறுக்க முடியாத சாட்சியம் ஃபீல்டு டார்கெட் என்னும் போட்டியிலிருந்து வருகிறது. விலங்கு வடிவத் தகட்டில் சில சென்டிமீட்டர் அகலமே உள்ள துளைக்குள் பெல்லட்டைச் செலுத்தித் தகட்டைச் சாய்க்க வேண்டும். தூரம் 8 முதல் 55 யார்டு வரை. பிரிட்டனில் தொடங்கிய இந்த விளையாட்டின் சர்வதேசப் போட்டிகளில் ஆற்றலின் உச்சவரம்பு 12 அடி-பவுண்டு, அதாவது 16.27 ஜூல். 50 மீட்டரில் நாணய அளவுத் துளையை எட்ட அது போதுமாக இருக்கிறது. எச்.டபிள்யூ. 77-உம் டி.எக்ஸ். 200-உம் புகழ்பெற்றது இந்த வரம்புக்குள்தான். நான்கு கிலோ உடம்பும் அடக்கமான ஸ்பிரிங்கும் சேர்ந்த கலவை அது. வாங்கத் தகுந்த கனம் என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

சட்டமும் நாட்டுக்கு நாடு இந்த வலுவுக்கு வேலி போட்டிருக்கிறது. பிரிட்டனில் 12 அடி-பவுண்டுக்கு மேற்பட்ட ஏர் ரைபிளுக்கு உரிமம் வேண்டும். ஸ்காட்லாந்தில் 2016-இன் கடைசி நாளிலிருந்து அதற்குக் குறைந்ததற்கும் வேண்டும். ஜெர்மனியில் உரிமமின்றி வாங்கக்கூடியது 7.5 ஜூல் வரைதான். மேக்னம் எனப்படும் மிகுவலு ரைபிள்களைச் செய்து உலகுக்கு அனுப்பும் நாட்டில், அவற்றை முழு வலுவோடு அடுத்த வீட்டுக்காரர் தாராளமாக வாங்க முடியாது என்பது வேடிக்கைதான். இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி 20 ஜூலுக்கு மேலோ, 4.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துளையோ இருந்தால் உரிமம் தேவை.

இந்த இரண்டாவது நிபந்தனை மேக்னம் விரும்பிகளுக்குப் பெரிய அடி. வலுவான ஸ்பிரிங்குக்குப் பொருத்தமானது 5.5 மில்லிமீட்டர் குழல். அதன் கனத்த பெல்லட் பிஸ்டனுக்கு நல்ல மெத்தையாகும், வேகமும் ஒலிக்குக் கீழே நிற்கும். உரிமமில்லாத இந்தியர் அந்தக் குழலை வாங்க முடியாது. 4.5 மில்லிமீட்டரில், 20 ஜூலுக்குள் அடக்கிய மேக்னத்தை வாங்குகிறவர், பெரிய சிலிண்டரின் உதைப்பையும் எடையையும் பெற்று, சிறிய ரைபிளின் ஆற்றலைப் பெறுகிறார். வாங்கியபின் ஸ்பிரிங்கை மாற்றி வரம்பைத் தாண்டினால் அது உரிமமற்ற ஆயுதமாகிவிடும்.

எதைச் சுடுவதற்கு இந்த வலு என்ற கேள்வியும் உண்டு. மேலைநாடுகளில் முயல், அணில், எலி ஆகியவற்றை வேட்டையாடுவதும் ஒழிப்பதும் அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்தக் காரணத்தை ஏறக்குறைய இல்லாமல் செய்துவிட்டது. வயலோரத்து மடையானும் புதர்க் காடையும் ஏர்கனுக்கு இரையானது சகஜமாக இருந்த காலம் உண்டு. இன்று அது குற்றம். அருணாசலப் பிரதேசத்தில் 2021-இல் மக்கள் தாமாக ஏர்கன்களை அரசிடம் ஒப்படைக்கும் இயக்கமே தொடங்கப்பட்டது, பறவை வேட்டையைக் கட்டுப்படுத்த. எஞ்சுவது இலக்குச் சுடுதல் மட்டுமே. காகித அட்டைக்கு 30 ஜூல் தேவையில்லை. ஒலிம்பிக் பாணி 10 மீட்டர் போட்டிக்கும் இந்த ரைபிள் உதவாது; அங்கே ஆள்வது உதைப்பே இல்லாத, அழுத்தக் காற்றுக் கலன் கொண்ட ரைபிள்கள். அவை ஐந்தரைக் கிலோ வரை எடை இருக்கலாம், வலுவோ மிகக் குறைவு. கனமும் வலுவும் ஒன்றல்ல என்பதை அந்தப் போட்டி எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது.

பெல்லட் இடும் இடத்தில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பெரும்பாலான நவீன அண்டர்லிவர்களில் நெம்புகோலை இழுக்கும்போது சிலிண்டரே பின்னுக்கு நகர்ந்து குழலின் வாயைத் திறக்கும். அந்தத் திறப்புக்குள் விரலை விட்டுப் பெல்லட்டை அமர்த்த வேண்டும். அந்நேரம் கொக்கி நழுவினால் சிலிண்டர் பாய்ந்து வந்து விரல் நுனியை நறுக்கிவிடும். சில மாடல்களில் வழி நெடுகப் பற்களில் மாட்டிக்கொள்ளும் தடுப்பு உண்டு. சிலவற்றில் முழுவதும் இழுத்தபின் மட்டுமே பிடிக்கும் தடுப்பு. எதுவானாலும், பெல்லட் இடும்வரை மறுகை நெம்புகோலை விடக் கூடாது. தடித்த விரல் கொண்டவர்களுக்குக் குறுகிய திறப்பு எரிச்சலூட்டும். பிரேக் பேரலில் குழல் வாய் கண்முன் விரிந்து நிற்பதைப் போன்ற வசதி இதில் இல்லை.

துணைச் செலவுகளில் ஸ்கோப் முக்கியமானது. முன்னும் பின்னும் இழுபடும் உதைப்பு, வெடிமருந்துத் துப்பாக்கிக்கென்று செய்த விலையுயர்ந்த ஸ்கோப்பையும் உள்ளுக்குள் உடைத்துவிடும். ஸ்பிரிங் ஏர்கனுக்கென்று செய்ததும், நழுவாமல் தடுக்கும் ஊசி கொண்ட வளையமும் வேண்டும். ஸ்பிரிங் தளரும், முறியவும் கூடும். பிஸ்டன் சீல் தேயும். கழற்றி மாட்டுவதற்கு ஸ்பிரிங்கை அடக்கிப் பிடிக்கும் கருவி தேவை. வலு கூடக் கூட இந்தத் தேய்மானம் விரைவாகும். வெளிநாட்டு ரைபிள் என்றால் ஒரு சீலுக்காக வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம்.

ஆகவே நான்கு கிலோ அண்டர்லிவர் வாங்குவதில் தவறில்லை. உட்கார்ந்தோ, மணல் மூட்டையில் சாய்த்தோ, ஒரே இடத்திலிருந்து நிதானமாகச் சுடுகிறவருக்கு அதைவிட நல்ல ஸ்பிரிங் ரைபிள் அரிது. நின்றபடி சுட விரும்புபவர், தோட்டத்தில் நடந்து திரிபவர், பதின்வயதுப் பிள்ளைகளோடு பகிர்ந்துகொள்பவர் ஆகியோருக்கு மூன்று கிலோ பிரேக் பேரலே ஏற்றது. மேக்னம் வலுவை மட்டும், உரிமமும் அதற்கேற்ற திடலும் உள்ளவர் தவிர மற்றவர் விலக்கலாம். மொட்டை மாடியில் தவறிப்போன பெல்லட் நூற்றுக்கணக்கான மீட்டர் போகும் என்பதை விற்பவர் சொல்வதில்லை.

கடையில் கையிலெடுத்துப் பார்க்கும்போது ஸ்கோப்பின் எடையையும் சேர்த்து ஒரு நிமிடம் தோளில் ஏந்தி நிற்பதும், அனுமதித்தால் இருபது முறை இழுத்துப் பார்ப்பதும் எந்த விளம்பர எண்ணையும்விட அதிகம் சொல்லும். வெறும் குழலோடு ட்ரிக்கரை அழுத்தக் கூடாது. பெல்லட்டின் தடையில்லாமல் பிஸ்டன் அறைவது சீலுக்குக் கேடு. பழைய ரைபிள் என்றால் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபில் பத்து முறை சுட்டு, எண்கள் ஒன்றுக்கொன்று நெருங்கியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சுட்டதும் குழல் வாயில் புகை வந்தால் சிலிண்டருக்குள் எண்ணெய் எரிகிறது. அந்நிலையில் காட்டும் வேகம் அந்த ரைபிளுடையதல்ல, எண்ணெயுடையது.